அளவுச் சட்டை

எங்கள் அலுமாரியின் மேல் தட்டில் ஒரு ஒட்டுப்போர்வை மடித்துக் கிடக்கிறது. பூச்சி உருண்டை போட்டு, பழைய பெட்ஷீட் ஒன்றில் சுற்றி வைத்திருக்கிறேன். நான் தைத்த போர்வைகளிலேயே அழகானது அதுதான். கட்டுகஸ்தோட்டையில் மார்கழிக் குளிர் எலும்பைக் குடைகிறபோதுகூட அதை எடுத்துப் போர்த்த எனக்கு மனம் வரவில்லை. வெட்கக்கேடு என்றால் இதுதான்.

பெருந்தொற்றுக் காலத்தில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது பிடித்த பைத்தியம் இது. அதுவரை என் தையல் மெஷின் பிள்ளைகளின் யூனிஃபோமுக்கு மடிப்படிக்க மட்டும்தான். போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரி துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பதைப் பார்த்தேன். அன்றைக்கே பழைய தவணைப் பரீட்சைத் தாள்களை அறுகோணமாக வெட்டத் தொடங்கிவிட்டேன். தாளின் மேல் துணியை மடித்து நூலோட்டி, ஏழு அறுகோணங்களைச் சேர்த்தால் ஒரு பூ வரும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. பிள்ளைகளின் பிழையான விடைகள் எல்லாம் என் பூக்களுக்குள் போயின. என் வீட்டுக்காரர் அதற்கு வைத்த பெயர் கந்தல் போர்வை. எங்கே கந்தலைக் கண்டாலும் என் கண் போகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பஸ்ஸில் முன்னால் நிற்பவளின் சாரிக் கரையைப் பார்த்து, இது என் போர்வைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தவள்தானே நான்! அவர் சொன்னதில் பிழையில்லை.

மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? சாரிச் சட்டை தைத்துத் தரச் சொல்லித் துணியோடு வரத் தொடங்கினார்கள். நான் காசு வாங்குவதில்லை. அதில் எனக்கொரு பெருமை. காசு வாங்காதவளை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் பெண்களுக்கு உடம்பில் டேப் வைத்து அளப்பது பிடிக்காது. புதுத் துணியோடு, நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றையும் பையில் போட்டுத் தருவார்கள். அதுதான் அளவுச் சட்டை. தைக்கிறவள் அதைப் பார்த்து வெட்டி, புதுச் சட்டையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆள் வரவே தேவையில்லை. சட்டை வந்தால் போதும்.

அப்படித்தான் ஒரு சட்டை வந்தது. கொடுத்தவர் எங்கள் வீட்டுக்குக் கீழே, ஒழுங்கை முனையில் வாடகைக்கு இருக்கிற அக்கா. தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கட்டுகஸ்தோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். கணவர் இல்லை. ஒரே மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். போய் நாலு வருஷம். அவள் அனுப்பியதில்தான் தெல்தோட்டையில் ஒரு துண்டுக் காணியில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முடிந்திருந்தது, கூரைதான் பாக்கி.

மகள் இரண்டு மாத லீவில் வருகிறாள், மாதா கோயில் திருநாளுக்குச் சாரி கட்ட வேண்டும், அவள் வந்து இறங்கும்போதே சட்டை தயாராக இருக்க வேண்டும் என்றார். அக்கா எடுத்திருந்தது அரக்கு நிறத் துணி. அதோடு மகளின் பழைய சட்டை ஒன்று. மகளின் மற்ற உடுப்புகளையெல்லாம் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாராம். இதை மட்டும் வைத்திருந்தாராம். அப்போது நான் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. பையை வாங்கி மெஷின் பக்கத்துக் கதிரையில் வைத்தேன். அந்தக் கதிரையில் ஏற்கெனவே மூன்று பைகள் இருந்தன. பள்ளிக்கூடத்து டீச்சர்மார் எனக்கென்று கட்டிக் கொடுத்த பழந்துணிகள்.

அந்த மாதத்துப் பௌர்ணமிப் போயா லீவு. காலையிலிருந்து மழை. என் போர்வையில் பூக்கள் எல்லாம் தயார், ஆனால் நடுத் துண்டுக்கு ஒரு மஞ்சள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன். கண்டி மார்க்கெட் பக்கம் துண்டுத் துணி விற்கிற கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்தும் கிடைக்கவில்லை. எல்லாம் பளீரென்ற மஞ்சள். கதிரைப் பக்கம் திரும்புகிறேன், ஒரு பையிலிருந்து ஒரு சட்டைக் கை எட்டிப் பார்க்கிறது. கடுகு மஞ்சள், அதில் சின்னச் சின்ன நீலப் பூ, துவைத்துத் துவைத்து மெதுமெதுவென்று போன பருத்தி. எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. இழுத்தேன், இரண்டு கையையும் வெட்டினேன், முதுகை வெட்டினேன். பாட்டுக் கேட்டுக்கொண்டே வெட்டினேன்.

முதுகு முடிந்து முன்பக்கத்தை எடுத்தபோது கொக்கிகள் வரிசையாக இருந்தன. ஒரு கொக்கிக்குப் பதிலாக ஊசி குத்தியிருந்தது. டீச்சர்மார் துணி தரும்போது கொக்கி, பட்டன் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் தருவார்கள். பையைக் கவிழ்த்தேன். அரக்குத் துணி விழுந்தது.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவரை நடந்தது கைப்பிழை. அந்த நேரம் கத்தரிக்கோலைக் கீழே வைத்திருந்தால் போதும். முன்பக்கம் இரண்டும் முழுசாக இருந்தன. நெஞ்சுப் பிடிப்பு, இடுப்பு, தோள் எல்லாம் அதில் இருந்தது. சட்டையை அதை வைத்தே அளவாகத் தைத்திருக்கலாம். அக்காவிடம் போய், இப்படியாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று காட்டவும் ஏதாவது மிஞ்சியிருக்கும். நான் என்ன செய்தேன்? கோபம் வந்தது. என் மேல் வந்த கோபத்தை அந்தத் துணியில் காட்டினேன். பாழானது பாழானதுதான், பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று மிச்சத்தையும் வெட்டினேன். இன்னும் சில பூக்களுக்கு மஞ்சள் தேவைப்பட்டது என்பதும் உண்மை. அதை நினைத்தால் இப்பவும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அடுத்த நாள் அக்காவின் வீட்டுக்குப் போய், மகள் எப்படி இருக்கிறாள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். போனில் படம் காட்டினார். கறுப்பு அபாயாவில் முகம் மட்டும். உடம்பு எப்படி என்றதற்கு, என்னைப் போலக் கொஞ்சம் பூசின உடம்பு என்றார். அக்காவை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு வந்து கண்மதிப்பில் வெட்டினேன். பெரிதாகத் தைத்தால் பிறகு பிடித்துக்கொள்ளலாம், சின்னதாகத் தைத்தால் செய்ய ஒன்றுமில்லை. அதனால் தாராளமாகவே விட்டேன். தையல் சுத்தமாக வந்தது. கழுத்துக்குப் பைப்பிங்கூட வைத்தேன்.

சட்டையைக் கொடுத்தபோது அக்கா பைக்குள் கைவிட்டுத் தேடினார். பழசு எங்கே என்றார். அதோடு வைத்தேனே என்றேன். வாயில் வந்துவிட்டது. அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தப் பையைக் கொண்டுவந்த அன்று தெல்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தாராம், சனம் நெரிந்ததாம். “பஸ்லதான் விழுந்திருக்கும் டீச்சர். நான் ஒரு மறதிக்காரி. நீங்க மனசுல வச்சுக்காதீங்க” என்றார். அளவுச் சட்டை பஸ்ஸில் விழுந்திருந்தால் நான் எதைப் பார்த்துத் தைத்தேன் என்று அவர் யோசிக்கவில்லை. டீச்சர் சொன்னால் சரி. தலையை ஆட்டிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

மகள் வந்தாள். திருநாளுக்கு முதல் நாள் சட்டையைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் இரண்டு விரல் தொங்கியதாம். அக்கா அழுதுகொண்டே என் வீட்டுக்கு ஓடி வந்தார். சட்டையைக் குறை சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கத்தரிக்கோல், நூல் எல்லாம் எடுத்து வைத்து, பத்து நிமிஷத்தில் பிடித்துத் தந்துவிடுகிறேன் என்றேன்.

“பிடிக்க வேணாம் டீச்சர்” என்றார். “நாலு வருஷமா எம் புள்ளைக்குச் சோறு போடாம வச்சிருந்திருக்காங்க. கேட்டா நல்லா இருந்தேன்னு சொல்றா. அவ அளவுச் சட்டைய வச்சுத்தானே நீங்க தச்சீங்க. சட்டையா பொய் சொல்லும்?”

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

திருநாளுக்கு அந்தப் பிள்ளை இரண்டு பக்கமும் ஊசி குத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அக்காவுக்கு அது ஒரு விரதம்போல ஆகிவிட்டது. காலையில் முட்டை, பகலில் கருவாடு போட்டுச் சோறு, மாலையில் பாலில் கரைத்த சத்து மா. அந்தச் சட்டை பொருந்தும்வரை மகளை எங்கேயும் அனுப்பப் போவதில்லை என்று ஒழுங்கை முழுக்கச் சொன்னார். குவைத்துக்கு என்றால் என் பிணத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று மகளை மிரட்டினார்.

லீவு முடிய ஒரு கிழமை இருக்கும்போது மகள் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். படியில் அவள் குரல் கேட்டதும், முன்னறைக் கட்டிலில் விரித்திருந்த போர்வையை அள்ளி அறைக்குள் எறிந்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். அவள் கதிரை நுனியில் உட்கார்ந்தாள். ஒல்லிப் பிள்ளை இல்லை. நல்ல ஆரோக்கியமான, கன்னம் பளபளக்கிற பிள்ளை.

“நான் மெலியல டீச்சர். போகும்போது இருந்த மாதிரிதான் இருக்கேன். அந்த வீட்டு மேடம் நல்லவங்க, என்னைத் திரும்ப வரச் சொல்லி டிக்கெட்டும் போட்டிருக்காங்க. இன்னும் ஒரு ரெண்டு வருஷம் போனா கூரை போட்டுரலாம். சட்டையைக் கொஞ்சம் பெருசா தச்சுட்டேன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா அது கேக்கும்.”

கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அளவுச் சட்டையை வெட்டியதைக்கூட நான் சொல்லத் தேவையில்லை. பெரிதாகத் தைத்துவிட்டேன் என்றால் போதும். சொல்கிறேன் என்றேன். அவள் கண் கலங்கி, என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அந்தக் கைதான் வெட்டியது.

அன்று மாலையே போனேன். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு படியிறங்கினேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். சில நேரம் தையலில் கொஞ்சம் முன்னே பின்னே வரும் என்று இழுத்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். அளவுச் சட்டையை வைத்துத் தைக்கும்போது எப்படி முன்னே பின்னே வரும் என்றார். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். அதற்குப் பதில் சொன்னால் பஸ்ஸில் விழுந்த சட்டை திரும்ப வரும், அது எங்கே இருக்கிறது என்பது வரும், இத்தனை நாள் சொன்ன பொய் வரும். ஒழுங்கையில் என்னை டீச்சர் என்று எழுந்து நின்று கூப்பிடுகிற ஒவ்வொரு முகமும் என் முன்னால் வந்தது. துணியும் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும் அக்கா, புதுத் துணி அப்படித்தான் என்றேன். அவர் சிரித்தார். “எம் புள்ளைக்காகப் பேச வந்தீங்களா? அவளுக்காகப் பொய்கூடச் சொல்றீங்களே டீச்சர். நல்ல மனசு உங்களுக்கு” என்றார்.

டிக்கெட் நாள் வந்தது, போனது. பிறகு அந்த மேடம் வேறொரு பிள்ளையை எடுத்துக்கொண்டதாகக் கேள்வி. மகள் இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். காலை எட்டரையிலிருந்து இருட்டும்வரை நின்றபடிதான். பஸ்ஸுக்குப் போகும்போது கண்ணாடிக்கு உள்ளே அவளைப் பார்ப்பேன். தலையசைப்பாள். சொன்னீங்களா டீச்சர் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போர்வையை டிக்கெட் நாள் போன அந்த மாதமே முடித்தேன். முடித்தேன் என்று சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் முடித்தேன். பாதியில் விட என்னால் முடியவில்லை. விரித்துப் பார்த்த என் வீட்டுக்காரர் முதல் தடவையாகக் கந்தல் என்று சொல்லவில்லை. இந்த மஞ்சள்தான் அழகே என்றார். அன்றிரவே மடித்து அலுமாரியில் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு துண்டுகூட நான் வெட்டவில்லை.

டிசம்பரில், நத்தாருக்கு இரண்டு கிழமை இருக்கும்போது தாயும் மகளும் வந்தார்கள். அக்காவின் முகம் பூரித்துக் கிடந்தது. மகளைத் தோளில் தட்டி முன்னால் தள்ளி நிறுத்தினார். அவள் அரக்குச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். ஊசி இல்லை, தொங்கல் இல்லை. நெஞ்சு, இடுப்பு, கை எல்லா இடத்திலும் சட்டை உடம்போடு ஒட்டி நின்றது. நான் கண்மதிப்பில் வெட்டிய சட்டைக்குள் அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து நின்றாள்.

“பாருங்க டீச்சர், எம் புள்ள பழையபடி ஆயிட்டா” என்றார் அக்கா.

அளவு சரியாக இருக்கிறது என்றேன். மகள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மாதாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நத்தாருக்கு ஒரு புதுச் சட்டை தைக்க வேண்டுமாம். பச்சைத் துணி கொண்டுவந்திருந்தார்கள். என் அறைக்குள் போய் மகள் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தாள். அந்த அலுமாரி நிற்கிற அறை. கழற்றிய அரக்குச் சட்டையை அக்கா வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து, பச்சைத் துணிக்கு மேல் வைத்து என்னிடம் நீட்டினார்.

“இனி அளவுக்கு இதையே வச்சுக்கங்க டீச்சர். திருப்பித் தர வேணாம். பழச நான் பஸ்ல தொலைச்ச மாதிரி இதையும் தொலைச்சிருவேன். உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்.”

சட்டையில் இன்னும் அந்தப் பிள்ளையின் உடம்புச் சூடு இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.