மனுவில் நான் சேர்த்த வரி

வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்திற்கு எதிரே மேசை போட்டு, வருபவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பழைய மனுக்களையும் அரசாணைகளையும் படித்துப் படித்தே அலுவலக நடையைக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமை அதிகம். அந்தப் பெருமை ஒரு மாணவியைப் பள்ளியிலிருந்து விரட்டியது என்பதை நானே எழுதியாக வேண்டும்.

ஒரு குறைதீர்க்கும் நாளன்று அடி அண்ணாமலையிலிருந்து ஒரு தாயும், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளும் வந்தார்கள். கணவரை இழந்த அந்தத் தாய் களையெடுக்கப் போகிறவர். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் வேர்க்கடலை அவித்து விற்பவர். மகளும் துணைக்கு உட்கார வேண்டியிருந்ததால் மாதந்தோறும் பள்ளி தவறியது, கணிதத்தில் பின்தங்கிவிட்டாள். அரசு மாணவியர் விடுதியில் ஓர் இடம் கிடைத்தால் தேறிவிடுவாள் என்று தாய் நம்பினார். அவர் கேட்டது அவ்வளவே.

நான் எழுதி முடித்ததை மகள் வாங்கிப் படித்தாள்.

“தாத்தா, ‘கிரிவலப் பாதையில் யாசகம் பெற்று உயிர் வாழ்கிறோம்’னு எழுதியிருக்கீங்க. எங்கம்மா பிச்சையா எடுக்குது? கடலை விக்குது.”

“கடலை விக்கிறவங்க ஆயிரம் பேரு இருக்காங்கம்மா. இப்படி எழுதினாத்தான் ஆபீசர் எடுத்துப் பார்ப்பாரு.”

தாய் அவளை அதட்டினார். “பெரியவரு எழுதறாரு, அவர விட உனக்கு ஜாஸ்தி தெரியுமா? கம்முனு இரு.” கைநாட்டு வைத்தார்.

விசாரணைக்காக மனு பள்ளிக்குப் போயிற்று. வகுப்பாசிரியை, கெட்ட எண்ணம் ஏதுமின்றித்தான், அவளை எழுப்பி நிறுத்தி அந்த வரியை வாசித்து, “உண்மைதானாம்மா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டிருக்கிறார். பௌர்ணமி நெருங்கியதும் ஒரு பிள்ளை ஆரம்பித்ததாம்: “ஏய், உங்கம்மா இந்த வாட்டி எந்த லிங்கத்தாண்ட உக்காருது? சொல்லு, எங்கூட்ல சில்லறை மாத்தி வச்சிருக்காங்க.” வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. விடுதியில் இடம் வழங்கி ஆணை வந்தபோது, தாயோடு களையெடுத்துக்கொண்டிருந்தாள்.

தாய் மகளோடு மறுபடியும் என் மேசைக்கு வந்தபோதுதான் இவையெல்லாம் எனக்குத் தெரிந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“டீச்சரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டாங்கய்யா. இவதான், அந்த வரி தப்புன்னு எழுதிக் குடுத்தாத்தான் போவேன்னு நிக்கறா.”

உடனே பேனாவை எடுத்தேன். ‘கவனக்குறைவினால் நேர்ந்துவிட்ட பிழையைப் பொறுத்தருளுமாறு’ என்று தொடங்கினேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அப்போதும் என் பேனா என் மரியாதையைத்தான் காத்துக்கொள்ளப் பார்த்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். “கவனக்குறைவா தாத்தா? நான் அன்னிக்கே சொன்னனே.”

அவளே புதுத்தாள் ஒன்றை எடுத்து, மேசையின் ஓரத்தில் நின்றபடி எழுதினாள். எதிரிலிருந்து தலைகீழாக நான் படித்தேன்: ‘என் அம்மா பிச்சை எடுக்கவில்லை. கடலை விற்கிறார். இதையும் வகுப்பில் வாசிக்க வேண்டும். நான் பள்ளிக்கு வருகிறேன்.’

“ஐயாகிட்ட ஒருவாட்டி காட்டுடி. சரியா இருக்கான்னு பார்க்கட்டும்” என்றார் தாய்.

“வேணாம்மா” என்று அவள் தாளை மடித்துக்கொண்டாள்.