நிறுத்திவைத்த ஒரு மணிநேரம்

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதல்ல. பெற்றோல் நிலையத்தில் வருடக்கணக்காக இரவு ஷிப்ட் செய்தவன் நான். பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இப்போது வருவதில்லை.

1991, ஒக்டோபர் 27. ஞாயிற்றுக்கிழமை காலை. என் மகள் தர்சிகாவுக்கு அப்போது ஆறு வயது. சந்திரன் வளர்வதையும் தேய்வதையும் காட்டுகிற பழைய மணிக்கூடு ஒன்று லண்டன் நகருக்குள் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து ஒரே நச்சரிப்பு. மனைவி தவநாயகிக்குத் தடிமன், ஒரே தும்மல். அதனால் நானும் மகளும்தான் போனோம். அது ஒரு தேவாலயக் கோபுரம். பெயர் வேண்டாம்.

பத்து மணிக்குத் திறப்பார்கள். என் கைக்கடிகாரத்தில் பத்து. கோபுரத்து மணிக்கூட்டிலும் பத்து. கதவு சற்றே திறந்திருந்தது. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை... ஞாயிறுதானே என்று உள்ளே போய்விட்டோம்.

மேலே ஒரு சின்ன அறை. பல்சக்கரங்கள். சந்திரனுக்குப் பாதி கறுப்புப் பூசிய ஓர் உருண்டை, சுற்றிவரப் பன்னிரண்டு ராசிகள். நடுவில் ஒரு நாற்காலி. அதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கனத்த கோட்டுடன்.

"வாருங்கள்," என்றார் ஆங்கிலத்தில். எழும்பவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். இவ்வளவு பெரிய மணிக்கூட்டுக்குள் நிற்கிறோம்... 'டிக்' என்று ஒரு சத்தம்கூட இல்லை. கிழவர் பெண்டுலத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பின்னால் திருப்பினால் சந்திரன் குழம்பிவிடும். அதனால் குளிர்காலத்துக்கு நேரம் மாற்றும்போது, ஒரு மணிநேரம் நிறுத்திவைக்க வேண்டும். யாராவது கூட இருக்கவேண்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்றிரவு இங்கிலாந்து முழுவதும் நேரத்தை ஒரு மணிநேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள்! நான் மறந்தே போனேன். உண்மையில் மணி ஒன்பதுதான். அப்படியானால் கதவு ஏன் திறந்திருந்தது?

சரியான குளிர். என் வாயிலிருந்து புகை வந்தது. மகளின் வாயிலிருந்தும் வந்தது. கிழவரின் வாயிலிருந்து வரவில்லை.

"உனக்கு என்ன வயது?"

"ஆறு."

"நானும் ஆறு வயதில்தான் முதலில் வந்தேன்."

அவளின் கையை எடுத்துப் பெண்டுலத்தில் வைத்தார். அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா... குளிருது."

"விடு பிள்ளை. வா, போவம்."

இழுத்துத்தான் எடுத்தேன்.

எங்கள் வீட்டில் 'போறன்' என்று யாரும் சொல்லக் கூடாது. 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லவேண்டும். மகளுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் இதை மட்டும் நன்றாகப் பழக்கியிருந்தோம். செத்த வீட்டில் அப்படிச் சொல்லாமல் எழும்பி வந்துவிட வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு அது ஏன் என்று விட்டுவிட்டோம்.

படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"போட்டு வாறன், தாத்தா."

கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையாட்டினார்.

"ஆம். வரவேண்டும்."

கீழே இறங்கி வெளியே வந்தோம். சாவிக்கொத்துடன் ஒருவர் வந்துகொண்டிருந்தார். கோபுரத்தின் காவலாளி. இன்னும் திறக்கவில்லையே என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைத் தள்ளிப் பார்த்தார். பூட்டியிருந்தது. அண்ணாந்து பார்த்தார். முள் இன்னும் பத்திலேயே நின்றது.

"நான்தான் அதை நிறுத்த வந்தேன்... முன்பு நிறுத்துகிறவர் அந்த நாற்காலியிலேயே செத்துப்போனார். பல வருடமாகிறது."

வீட்டுக்கு வந்து தவநாயகியிடம் சொன்னேன். அவள் மகளுக்குத் திருநீறு பூசினாள்.

"இஞ்சேருங்கோ, இனிப் பிள்ளையை அந்தப் பக்கம் கொண்டு போகாதேங்கோ."

"ஓம்."

கொண்டுபோகவில்லை. லண்டனின் தெற்கு ஓரத்திலுள்ள சட்டனுக்கே வீடு மாறிவிட்டோம்.

அடுத்த வருடம். ஒக்டோபர் 25, மறுபடியும் நேரம் மாறுகிற ஞாயிறு. முதல் நாள் இரவே மறக்காமல் மணிக்கூட்டை மாற்றி வைத்தேன். கதவுகளைப் பூட்டினேன். விடியும்வரை மகளின் கட்டிலருகே இருந்தேன்.

ஒன்பது மணி. எழுப்பினேன். எழும்பவில்லை.

தோளைப் பிடித்து உலுப்பினேன். கை ஐஸ்மாதிரி... மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை.

"என்ரை பிள்ளை!" தவநாயகி கத்தினாள்.

அம்புலன்ஸுக்குப் போன் அடித்தோம். வந்தார்கள். அவர்களாலும் எழுப்ப முடியவில்லை. பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

பத்து மணி.

கண்ணைத் திறந்தாள். "அம்மா, பசிக்குது," என்றாள். வைத்தியசாலையில் ஒன்றுமே கண்டுபிடிக்கவில்லை.

மனம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு தனியாகப் போய்க் காவலாளியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சினந்தார்.

"போன ஞாயிறு மகளைத் தனியே மேலே விட்டுவிட்டு எங்கே போனாய்? மணிக்கூட்டை நிறுத்த ஒன்பது மணிக்கு நான் ஏறிப் பார்த்தபோது, அந்த நாற்காலியில் பெண்டுலத்தைப் பிடித்தபடி அவள் மட்டும்தான் இருந்தாள். கூட யாருமில்லை. அப்பா எங்கே என்று கேட்டேன். கீழே நிற்கிறார் என்றாள்."

நான் கீழே நிற்கவில்லை. சட்டனில், எழும்பாத பிள்ளையை உலுப்பிக்கொண்டிருந்தேன்.