அப்பா வழுக்கி விழ வேண்டுமாம்

அம்மா போனதிலிருந்து அப்பா தூங்குவதில்லை, பேசுவதுமில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார் மனநல மருத்துவர். மெடிக்ளெய்ம் இருக்கிறதே என்ற தைரியத்தில் இன்று அப்பாவையும் சோமனூரிலிருந்து பஸ் ஏற்றி, கோவை இன்சூரன்ஸ் ஆபீசுக்குக் கூட்டிப் போனேன்.

அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். அப்பாவுக்குக் காப்பி வரவழைத்தார்.

"மனசு சீக்குக்கெல்லாம் பாலிசி வராதுங்க. ஐயா வழுக்கி உழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சா வாங்க, உடனே பாஸ் பண்ணிப்போடலாமுங்க."

"அதுவரைக்கும் என்னங்க பண்றது?"

"மருதமலைக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. காப்பி ஆறுதுங்க, ஐயாவக் குடிக்கச் சொல்லுங்க."

காந்திபுரம் பிரவுசிங் சென்டரிலிருந்து இதைத் தட்டுகிறேன். பக்கத்து நாற்காலியில் அப்பா சுவரைப் பார்த்தபடி இருக்கிறார்.

நாளை மருதமலை போகிறோம். அங்கே எந்தப் படி நன்றாக வழுக்கும் என்று தெரிந்தவர்கள் பதில் போடுங்கள்.