டிவி செட்டும் மேஸ்திரி செட்டும்

செல்போனைப் பார்த்து வேலை கற்றுக்கொள்வது நல்லதா, ஆளுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது நல்லதா என்று இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே எங்களை வைத்து அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களை மேனேஜர் வரிசையாக நிற்க வைத்து, சந்தையில் கோழியைப் பிரிப்பதுபோல் இரண்டாகப் பிரித்தார். ஒரு கூட்டம் அறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் படிக்க வேண்டும். இன்னொரு கூட்டம் மெஷினடியில் மேஸ்திரியிடம் படிக்க வேண்டும். கடைசியில் டெஸ்ட். தேறுகிறவர்களுக்கு வேலை நிரந்தரம். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

நான் மேஸ்திரி செட்.

வேலை இதுதான். நூற்கிற மெஷினில் இழை அறுந்துகொண்டே இருக்கும். மெஷின் ஓட ஓட அதை ஒட்டிச் சேர்க்க வேண்டும். அதற்கு, நூலைச் சுற்றிக்கொண்டு சுழல்கிற பாபினைக் கண்மூடித் திறக்கும் நேரமாவது நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவதற்கென்று ஒவ்வொரு பாபினுக்கும் கீழே ஒரு பிரேக் உண்டு, கால் முட்டியால் அழுத்துகிற மாதிரி. எங்கள் மெஷின்களில் அந்தப் பிரேக் தேய்ந்து செத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதனால் விரலைக் கொடுத்துத்தான் நிறுத்துவோம். விரல் வெந்து, தோல் உரிந்து, காய்த்து, பிறகு மரத்துப்போகும். மரத்துப்போனால் வேலை வந்துவிட்டது என்று பொருள்.

மேஸ்திரி கற்றுக்கொடுத்ததெல்லாம் வாயால்தான். அந்த மனுசனின் வாயை வெறுத்துக்கொண்டே அதில் வந்ததையெல்லாம் மனதில் சேர்த்து வைத்திருக்கிறேன். "ஏட்டி, ஒனக்கு இருக்கது விரலா, வாழைப்பழமா?" "கண்ண எங்க, பஸ் ஸ்டாண்டுலயே எறக்கி விட்டுட்டு வந்துட்டியா?" "நூலத்தான ஒட்டச் சொன்னேன், ஒம் புருசன்கூடயா ஒட்டிக்கிடச் சொன்னேன்?" ஒருத்தியை ஏசினால் மற்றவர்கள் சிரிக்க வேண்டும். சிரிக்காதவளைத்தான் அடுத்துப் பிடிப்பார்.

டிவி செட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னைப்போலவே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். புருசன் அடித்த அடியில் இடது காது சரியாகக் கேட்காது. அண்ணன் வீட்டில் வந்து கிடந்தாள். மதினி கறாராகச் சொல்லிவிட்டாளாம்: "வேலை நெரந்தரமானா பின்னால இருக்க ரூமு ஒனக்கு. இல்லன்னா ஒம் புருசன் வீட்டுக்கு வழி தெரியும்லா?"

பஸ்ஸில் என் இடது பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வாள், கேட்கிற காது என் பக்கம் இருக்கட்டும் என்று. அந்த வீடியோவைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

"அக்கா, அதுல ஒரு ஆளு பேசுதாரு பாத்துக்கோங்க. தயவுசெய்து கவனிக்கவும்ங்காரு. எங்கிட்ட ஆரு அப்பிடிப் பேசியிருக்கா? வெளங்கலன்னா திருப்பிப் போட்டுப் பாக்கலாம். எம்புட்டு தடவ போட்டாலும் கோவமே வராது அவருக்கு."

"டிவி பொட்டிக்கு எப்பிடிட்டி கோவம் வரும்?"

"கோவம் வராத ஆளு பொட்டிக்குள்ளயாவது இருக்காரே, அக்கா."

அந்த அறையில் வீடியோவோடு வந்த ஒரு சின்ன மாதிரி மெஷினும் இருந்தது. புத்தம் புதுசு. அதில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். முட்டியை வைத்து அழுத்தி, இழையைச் சேர்த்து, அவள் அவ்வளவு அழகாகச் செய்வாளாம். மேனேஜரே நின்று பார்த்துவிட்டுப் போனாராம்.

நான் என் விரலைக் காட்டினேன். "எங்க மெஷின்ல முட்டிய வச்சா முட்டிதாண்டி நோகும். இதத்தான் குடுக்கணும்."

அவள் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஐயோ. விரல வைக்கவே கூடாதுன்னு அதுல சொல்லுதாவ அக்கா. செவப்புல பெருக்கல் குறி போட்டுக் காட்டுதாவ."

"நீ ஒரு நாளு எங்க பக்கம் வந்து பாரேன்."

வர முடியாது. டிவி செட் ஓடுகிற மெஷின் பக்கம் வரக்கூடாது. வந்தால் யார் எதில் படித்தார்கள் என்பது குழம்பிப்போகும் என்று மேனேஜர் உத்தரவு. அவள் துணிந்து அவரிடமே கேட்டிருக்கிறாள். "எல்லா மெஷினும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் ஒருநாளும் முட்டியை வைத்துப் பார்த்தவர் இல்லை.

டெஸ்ட் எங்கள் மெஷின்களில்தான் நடந்தது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேஸ்திரி பின்னாலேயே நடந்தார், வழக்கம்போல் ஏசிக்கொண்டே. எங்களுக்கு அது காற்றாடிச் சத்தம் மாதிரி. விரலைக் கொடுத்தோம், ஒட்டினோம், தேறினோம்.

அவள் முறை வந்தது. இழை அறுந்தது. முட்டியை வைத்தாள். பாபின் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னும் அழுத்தினாள். குனிந்து பார்த்தாள். மறுபடி அழுத்தினாள்.

"ஏட்டி, மெஷினுக்கு முட்டி போட்டுக் கும்புடுதியா? சூடம் கொண்டாரச் சொல்லவா?"

பட்டாசு வெடித்ததுபோல் ஒரே சிரிப்பு. மேனேஜரும் சிரித்தார். மேஸ்திரி நின்றது அவளுடைய கேட்காத காதுப் பக்கம். அவர் சொன்னது அவளுக்கு எட்டவில்லை. எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பது மட்டும் தெரிந்தது. அவளும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தாள்.

பிறகு மேனேஜரிடம் திரும்பி, "சார், இதுல பிரேக்கு பிடிக்கல சார்" என்றாள்.

மேனேஜர் மேஸ்திரியைப் பார்த்தார்.

"பிடிக்காதுன்னு எங்க எல்லாத்துக்கும் தெரியும் சார்" என்றார் மேஸ்திரி. "அதுகூடத் தெரியாதவ என்ன வேலைக்காரி?"

"அதுவும் சரிதான்" என்றார் மேனேஜர்.

அதற்குள் பக்கத்தில் இன்னும் சில இழைகள் அறுந்து பஞ்சு பறக்க ஆரம்பித்தது. மேஸ்திரி அவள் முன்னால் வந்து நின்றார். "விரல வையிட்டி."

"வைக்கக்கூடாதுன்னு படத்துல..."

"அப்ப அந்தப் படத்துக்காரன்ட்டயே போயி சம்பளம் வாங்கிக்கோ."

வைத்தாள். காய்க்காத விரல். சுரீரென்று இழுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள். இழை அறுந்த இடமெல்லாம் பஞ்சு உருளையில் சுற்றிக்கொண்டு மெஷினின் அந்தப் பக்கம் முழுக்கக் கெட்டுப்போனது. மேஸ்திரி மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்து, "டிவியில கெட்டி மேளம் கொட்டுனா கல்யாணம் ஆயிருமாக்கும்" என்றார். அதற்கும் சிரிப்பு.

டிவி செட் மொத்தமும் அன்றைக்கே வெளியே போனது. வீடியோவில் படித்தவர்களுக்கு வேலை வரவில்லை, மேஸ்திரியிடம் படித்தவர்களுக்கு வந்துவிட்டது என்று மேனேஜர் முடிவு கட்டினார். எங்களுக்கு வந்தது ஏச்சைத் தாங்கி நிற்கவும், மரத்த விரலோடு நிற்கவும்தான். அதைத்தான் அவரும் சோதித்திருக்கிறார், தெரியாமலேயே.

பஸ்ஸில் அவள் விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தாள். "வேற மில்லுல கேட்டுப் பாப்போம்டி" என்றேன். "சரிக்கா" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தும் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் அதட்டிய பிறகுதான் இறங்கினாள்.

கொஞ்ச நாள் கழித்து மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பிரேக்குகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அத்தனையும் மாற்றப்பட்டது. முட்டியால் அழுத்தி எங்களில் ஒருத்திக்கும் பழக்கமில்லையே! எங்களை அந்த அறைக்குள் உட்கார வைத்து வீடியோ போட்டார்கள். தயவுசெய்து கவனிக்கவும் என்றார் அந்த மனிதர். உண்மையிலேயே கோபமில்லாத குரல்.

வெளியே வந்ததும் மேஸ்திரியிடம் கேட்டேன். "அண்ணாச்சி, இப்ப அந்தப் பிள்ளையத் திரும்பக் கூப்பிடலாம்லா? அவளுக்குத்தான் இது தண்ணி பட்ட பாடாச்சே."

"பிரேக்கு பிடிக்கிற மெஷின்ல எவ வேணாலும் வேல பாப்பா. அவ எதுக்கு?"

மேனேஜரிடமும் போனேன். டெஸ்டில் தோற்றவர்களைத் திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். மதினிதான் கதவைத் திறந்தாள். முழுசாகத் திறக்கவில்லை.

"அவளா? அன்னைக்கு ராத்திரியே அவ அண்ணன் கொண்டுபோயி புருசன் வீட்டுல விட்டுட்டு வந்துட்டாக. நல்லாத்தான் இருப்பா."

"பாத்தியளா?"

"பாக்காட்டி என்ன, தெரியாதா?"

திரும்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். குரலில் இப்போது ஒரு குழைவு.

"அக்கா, செத்த நில்லுங்க. இப்ப மெஷின் எல்லாம் சரி பண்ணி, டிவியிலயே வேல சொல்லித் தாராகளாம்லா? எங்கூடப் பெறந்தவ ஒருத்தி சும்மாத்தான் இருக்கா. பின்னால ரூமும் காலியாத்தான் கெடக்கு. ஒரு வார்த்த சொல்லி விடுதியளா?"