சனியை மாட்ட ஒரு சுவர்

கூடத்திலிருந்து ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டதும் அடுக்களையில் வானதியின் கை நின்றுவிட்டது. ஓடிவந்து பார்த்தாள். சனிக் கிரகத்தின் படத்தை இறக்கி, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மாமியார் தர்மாம்பாள் ஆணியையும் விடாமல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"சனீஸ்வரனைக் கோயில்லயே நேருக்கு நேர் நின்னு கும்பிட மாட்டோம். நீ சாப்பிடுற எடத்துல மாட்டி வச்சிருக்க. தலைவலி விடமாட்டேங்குது."

"தலைவலி மூணு வருஷமா இருக்கு. படம் போன வாரம்தான் வந்துச்சு."

"வரப்போறாருன்னு தலைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

வானதி நீடாமங்கலத்துப் பள்ளியொன்றில் அறிவியல் டீச்சர். கணவன் மஸ்கட்டில். விண்கலம் அனுப்பிய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பழைய லேப்டாப்பில் இறக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, நிறம் கூட்டி, கோடை விடுமுறை முழுவதையும் அதற்கே கொடுத்திருந்தாள். பனித்துகள்களாலான வளையம், அதன் ஓரத்தில் ஒரு பொட்டுபோல என்செலடஸ் என்ற நிலா. பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கிவிடும். பள்ளியின் புது அரங்கில் அதை மாட்டி, கீழே அவள் பெயரைப் போடுவதாகத் தாளாளர் குஞ்சிதபாதம் வாக்குக் கொடுத்திருந்தார். எடுத்துப்போக இன்று அவரே வருகிறார்.

"மகராசன், சீக்கிரம் வந்து தூக்கிட்டுப் போகட்டும்" என்று தர்மாம்பாள் காபி போடப் போனாள்.

வந்தவர் படத்தைத் திருப்பினார். முகம் சுருங்கியது.

"கிரகம்னுதானே சொன்னீங்க டீச்சர். இவருன்னு சொல்லலையே."

"வளையம் உள்ள கிரகம்னு சொன்னேனே சார்."

"எனக்கு ஏழரை நடக்குது. பிள்ளைங்களுக்குப் பொதுத்தேர்வு வேற வருது. உள்ள நுழைஞ்சதும் இவர் பார்வை விழுந்தா, பெத்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?" குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யலாம். கம்ப்யூட்டர்ல வளையத்தை மட்டும் அழிச்சிடுங்க. குருன்னு எழுதிடுவோம். உங்க பேரும் இருக்கும்."

வானதி படத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சுவருக்காக எத்தனை நாள் ஏங்கினாள்.

"வளையம் இல்லாம அது சனியும் இல்ல, குருவும் இல்ல சார். எம் பேரு வேணாம்."

"அப்போ அங்க கடிகாரம் மாட்டிடுறேன். பின்னாடி வருத்தப்படாதீங்க."

காபியோடு வந்த தர்மாம்பாள் நின்றாள். "ஏங்க, சனீஸ்வரனை அழிச்சிட்டு இன்னொருத்தர் பேரை எழுதுறதா? அந்தப் பாவத்தை எங்க வீட்டுலயா பண்ணச் சொல்றீங்க?"

குஞ்சிதபாதம் காபியைத் தொடாமல் செருப்பை மாட்டினார்.

"அவருக்கும் வேணாம், உங்களுக்கும் வேணாம்" என்றாள் வானதி. "நான் இதை எங்க கொண்டுபோய் வைக்கிறது, அத்தை?"

"இங்கயே இருக்கட்டும்" என்றாள் தர்மாம்பாள். படத்தை மறுபடி சுவர் பக்கம் திருப்பினாள். குஞ்சிதபாதத்தின் வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.