அம்பது டிகிரி

1. படுதா

சாரல் பிடித்தால் எனக்குச் சோர்வும் பிடித்துவிடும். குற்றால மலை மேல் மேகம் வந்து உட்காரும். ஊரெல்லாம் அருவிக்குப் போகும். நான் டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு வெந்நீருக்குப் போவேன். ஃப்ரிட்ஜும் ஏசியும் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது வீடுகளில் தண்ணீர் சுட வைக்கிற ஹீட் பம்ப்பும் பார்க்கிறேன். முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. ஃபோன் மட்டும் ஓய்வதில்லை.

செண்பகத்தின் ஃபோனும் அப்படி வந்ததுதான். மேலகரத்தில் வீடு. சீசனுக்கு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். விறகு பாய்லர் புகையில் அவருக்கு மூச்சிரைப்பு வந்து, இனி புகைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, நான்தான் அங்கே ஹீட் பம்ப் மாட்டினேன்.

"அண்ணாச்சி, கரண்ட் பில்லப் பாத்துட்டு அவுக தாம்தூம்னு குதிக்காக. அடுத்த பில்லும் இப்படி வந்தா மெஷினக் கழத்தி வித்துட்டு பாய்லரயே வச்சிருவேன்னு சொல்லுதாக. ஒரு எட்டு வந்து பாருங்க."

போனேன். அவர் கணவர் செல்வம், செங்கோட்டைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வண்டியிலிருந்து விறகை இறக்கிக்கொண்டிருந்தார்.

"கீசர விட கரண்ட் கம்மின்னு சொல்லித்தான வே மாட்டுனீரு? மீட்டரு ஓடுத ஓட்டத்தப் பாத்தீரா? என் வண்டி கூட அப்படி ஓடாது."

பின்பக்கம் போனதும் காரணம் கண்ணில் பட்டது. சாரலில் நனையக் கூடாதென்று, கைக்குழந்தைக்குப் போர்த்துவது போல மெஷினைச் சுற்றி நீலப் படுதாவை இறுக்கிக் கட்டியிருந்தார் செல்வம். ஹீட் பம்ப் காற்றிலுள்ள சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. குளிர்ந்த காற்றை வெளியே தள்ளுகிறது. அதனால்தான் கீசர் தின்கிற கரண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்குப் போதும். மூடிக் கட்டினால், தள்ளிய குளிரையே திரும்ப இழுக்கும். கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், என்னைப் போல.

படுதாவை அவிழ்த்துக் கொடுத்தேன். செல்வம் அதைக் கொண்டுபோய் விறகின் மேல் விரித்தார்.

"இதாவது நனையாம கெடக்கட்டும்."

2. பாதிச் சூடு

சில நாளில் மறுபடி ஃபோன். படுதாவை எடுத்தும் மீட்டர் அடங்கவில்லை. இந்த முறை பாய்லரே முற்றத்துக்கு வந்திருந்தது. அதில் இன்னும் நெருப்பு ஏறவில்லை. ஆனாலும் செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் அதைக் கடந்தார்.

டிஸ்ப்ளேவைப் பார்த்தேன். அறுபத்தைந்து. நான் வைத்துவிட்டுப் போனது ஐம்பது. ஐம்பத்தைந்தைத் தாண்டினால் இந்த மாடலில் உள்ளே இருக்கும் கரண்ட் ஹீட்டரும் சேர்ந்துகொள்ளும். அந்த ஹீட்டர் ஓடினால் மெஷின் வெறும் கீசர்தான்.

"யாரு கூட்டி வச்சது?"

"நாந்தான் வே." செல்வத்தின் அப்பா சுடலையாண்டி, தலையில் எண்ணெய் வழிய, துண்டோடு வந்து நின்றார். "தண்ணி கொதிக்கது நூறுல்லா? அப்பம் அம்பதுன்னா பாதிச் சூடு. எண்ண தேச்ச ஒடம்புல பாதி வெந்த தண்ணிய ஊத்தச் சொல்லுதீரா? வெந்நின்னா விளாவிக் குளிக்கணும். விளாவாத வெந்நி என்ன வெந்நி?"

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. காசு கொடுத்துக் கரண்டை எரித்து அறுபத்தைந்துக்கு ஏற்றுவது. பிறகு செம்பு செம்பாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதை இறக்குவது. ஏற்றியதும் இறக்கியதும் ஒரே வீடு.

ஐம்பதுக்குக் குறைத்தேன். மாடியில் இருந்தவர்கள் குளித்து டேங்கின் பழைய சூடு தீரும்வரை காத்திருந்தேன். சாரல் நின்று, வெயில் எட்டிப் பார்த்து, மறுபடி சாரல் வந்தது. பிறகு ஒரு வாளி பிடித்து வைத்தேன்.

"கைய விடுங்க."

பெரியவர் ஏளனமாகத்தான் கையை விட்டார்.

"ஏ சவத்த!" கை துள்ளி வெளியே வந்தது.

"என்னப்பா, பாதி வெந்துட்டா?" என்றார் செல்வம்.

"சும்ம கெடலே."

பெரியவர் செம்பில் பச்சைத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். கையால் கலக்கினார். இன்னொரு செம்பு. மறுபடி கலக்கினார். வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பரவால்ல. ரெண்டு செம்பு பிடிக்கு."

3. அதன் பிறகு

பில் நன்றாக வந்தால் யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. பக்கத்துத் தெருவுக்கு வேறு வேலையாகப் போனபோதுதான் பார்த்தேன். செல்வம் விறகைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பாய்லர் ஏற்கெனவே ஏறியிருந்தது.

"சுரண்டைல ஒரு சமையக்காரரு கேட்டாரு. கொண்டுட்டுப் போவட்டும்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பின்பக்கத்தில் மெஷின் தள்ளுகிற குளிர்காற்றில் செண்பகம் துண்டுகளை உலரப் போட்டுக்கொண்டிருந்தார். முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. ஏதோ முணுமுணுத்துப் பாடினார். பாட்டு நடுவில் மூச்சுக்கு நிற்கவில்லை. நான் கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யூனிட் கணக்கு, டிகிரி கணக்கு எல்லாம் சொல்லுங்கள். ஆனால் அந்த வீட்டில் குளிக்கிறவரின் கை ஒருமுறை வாளிக்குள் போகாமல் பையை மூடாதீர்கள்.

பஸ் ஸ்டாப்பில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். ஃபோன் அடித்தது. கடையத்திலிருந்து, புதிதாக ஹீட் பம்ப் மாட்ட வேண்டுமாம்.

"எத்தன லிட்டரு அண்ணாச்சி போடலாம்?"

"அது இருக்கட்டும்," என்றேன். "ஒங்க வீட்டுல எண்ண தேச்சிக் குளிக்கது யாரு?"