இராஜதுரை கடைக் கறிவேப்பிலை

1987ஆம் ஆண்டு செப்டெம்பர் கடைசியில் பாரிசின் லா சப்பலில் முதல் குளிர் இறங்கியது. கோடை முழுக்கக் கட்டடத்தின் பின்முற்றத்தில் வைத்திருந்த பூச்சட்டிகளை ஞானமலர் ஒவ்வொன்றாக ஆறாம் மாடிக்குத் தூக்கினாள். லிஃப்ட் கிடையாது. விடியற்காலையில் புறநகர் ஒபர்வில்லியேயில் இரண்டு அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்த உடம்பு. ஆனாலும் ஒரு சட்டியைக்கூட அவள் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கற்பூரவள்ளியின் இலைகளைத் திருப்பிப் பூச்சி பார்த்தாள். மிளகாய்ச் செடியின் வாடிய கொப்புகளைக் கழித்தாள். வெயில் விழும் ஒரே யன்னலருகில் எல்லாவற்றையும் நெருக்கி வைத்தாள். நடுவில் ஒரு சட்டிக்கான இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதில் அவள் வேறு எதையும் வைக்கவில்லை.

அந்த இடம் கறிவேப்பிலைக்குரியது.

மூன்று வருடங்களுக்கு முன், கீழ் மாடியில் இருந்த சவரியம்மாள் புதுச்சேரி போய்த் திரும்பும்போது, வேரில் ஈரத்துணி சுற்றி இரண்டு கன்றுகள் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போது பாரிசில் பச்சைக் கறிவேப்பிலையைக் காண்பதே அபூர்வம். குளிர் தொடங்கியதும் ஒரு கன்று இலை உதிர்த்தது. ஞானமலர் பதறிப்போய் நாள்தோறும் தண்ணீர் ஊற்றினாள். மாதம் முடிவதற்குள் வேர் அழுகிவிட்டது.

"குளிர்ல அது தூங்கும்மா," என்றாள் சவரியம்மாள். "தூங்குறதுக்கு வாயில தண்ணிய ஊத்துவியா? சும்மா விடு. பத்து நாளைக்கு ஒரு தரம் ஒரு கை தண்ணி போதும்."

மற்றக் கன்று பிழைத்தது. இரண்டாம் வருடம் அதன் தண்டு இரண்டாகப் பிரியும் கவர் பிளந்தபோது, நீலச் சேலைக் கரையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். இடுப்பளவு வளர்ந்தது. நாட்டை விட்டு வந்த பிறகு அவள் கையால் உயிர் பிடித்த முதல் பொருள் அதுதான்.

1986 ஒக்டோபரில் அவளுடைய அறையின் வெப்பமூட்டி பழுதானது. வீட்டுக்காரன் திருத்தவில்லை. மளிகைக் கடை இராஜதுரை தானாகவே கேட்டார்: "என்ரை கடைக் குசினி சூடாக் கிடக்கு பிள்ளை. கண்டைக் கொண்டுவந்து வையும். சித்திரையிலை எடுத்துக்கொண்டு போம்."

கொண்டுபோய் வைத்தாள்; சித்திரையில் எடுக்கப் போனாள். "அது செத்துப் போச்சுது, குப்பையிலை போட்டிட்டன்," என்றார். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. ஆனால் நம்பினாள்.

ஜூன் மாதம் அதே கடை வாசலில், கண்ணாடிக்குப் பக்கத்தில், புதுச் சட்டியில் அது நின்றது. நீலத்துணியைக் காணவில்லை. அது இறுக்கியிருந்த வளையத் தழும்பு மட்டும் கவரில் இருந்தது.

"அண்ணை, இது என்ரை கண்டு," என்றாள்.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இராஜதுரை சத்தமாகச் சிரித்தார். "இது நான் ஊரிலையிருந்து எடுப்பிச்சது பிள்ளை. உம்மடை பேர் எழுதிக் கிடக்கே? செடிக்கும் கார்ட் து செசூர் கேக்கிறீரோ?"

அந்த வதிவிட அட்டைக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒரு நெட்டுக் கறிவேப்பிலையை முறித்து அவளுடைய பைக்குள் போட்டார். "இந்தாரும், உமக்கும் ஒண்டு."

அவள் கடையை விட்டு வெளியே வந்தாள். மெத்ரோப் பாலத்தின் கீழே நின்று அந்த நெட்டைக் கசக்கி முகர்ந்தாள். பிறகு காலால் தேய்த்தாள். அந்தச் சிரிப்பு கோடை முழுக்க அவள் காதில் கிடந்தது. அலுவலகத் தரையைத் துடைக்கும்போதும் கேட்டது.

இராஜதுரையோ அந்தச் செடியால் பெயர் எடுத்தார். விருப்பமான வாடிக்கையாளருக்கு மட்டும் இரண்டு நெட்டு முறித்துக் கொடுப்பார். கோயில் ஐயரைக்கூடக் காத்திருக்க வைத்தார் என்று பேசிக்கொண்டார்கள்.

சட்டிகளை மேலே ஏற்றிய இரண்டு வாரத்தில், ஒக்டோபர் இரண்டாம் ஞாயிறு, பின்னேரம், கதவு தட்டப்பட்டது. ஆறு மாடி ஏறிய மூச்சிரைப்போடு இராஜதுரை நின்றார். கையில் ஒரு பை வெண்டிக்காய்.

"பிள்ளை, அந்தக் கண்டு இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுது. உமக்குத்தானே இதுகளிலை கைராசி."

அவள் அவரை உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். ஊரிலிருந்து எடுப்பித்தவர் ஏன் என்னிடம் வருகிறார் என்று அவள் கேட்கவில்லை.

"வேர் காஞ்சிட்டுது அண்ணை," என்றாள். "நாளுக்கு ரெண்டு தரம் தண்ணி விடுங்கோ. அடித் தட்டிலை எப்பவும் தண்ணி நிக்க வேணும்."

"குசினிக்குள்ளை வைக்கட்டே?"

"ஐயோ, வேண்டாம். வெளிச்சம் வேணும். வாசலிலையே நிக்கட்டும்."

வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்து மூடும், காற்று ஊசியாய்க் குத்தும் இடம் அது. அவர் தலையாட்டிவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் வெங்காயம் வாங்கப் போனாள். தட்டில் தண்ணீர் தளும்பி நின்றது. முதல் வாரம் பாதி இலை. மூன்றாம் வாரம் நுனிகள் கறுத்தன. "சரியாத்தான் செய்யிறியள் அண்ணை, இன்னும் கொஞ்சம் விடுங்கோ," என்றாள். வீட்டுக்கு வந்து தன் செடிகளுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும்போது அவளுக்குப் பாட்டுக்கூட வந்தது.

டிசெம்பர் தொடக்கத்தில் அவர் சட்டியோடே வந்தார். அதைக் கதவடியில் தொப்பென்று வைத்தார்.

"வேணுமெண்டுதானே சொன்னனீர்?"

"ஓம்," என்றாள்.

அவள் மறுப்பாள் என்றுதான் அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். "உம்மடை கண்டெண்டு சொன்னீரே! சொந்தக் கண்டையே கொல்லுவீரோ?"

"இப்பவாவது என்ரை கண்டெண்டு உங்கடை வாயாலை வந்துதே."

இராஜதுரை கதவைக் காலால் உதைத்துவிட்டு இறங்கினார். அவர் நாலாம் மாடி இறங்கும் வரைக்கும் ஏச்சு கேட்டது.

ஞானமலர் சட்டியை உள்ளே எடுத்தாள். தண்டைப் பிடித்து இழுத்தபோது அது தடையின்றிக் கையோடு வந்தது. வேர் கறுத்து, கூழாகி, சாக்கடை நாற்றம் அடித்தது. நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார்த்தாள். எங்குமே பச்சை இல்லை. தழும்பின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் தரையில் இருந்தாள். அழுகை வந்தது. ஆனால், மீண்டும் அதே கேள்வியோடு அந்த மனிதர் படி ஏறி வந்தால் என்ன சொல்வாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அதையேதான் சொல்வேன் என்று பட்டது. அந்தப் பதிலில் பொய்யில்லை.

கதை தெருவெல்லாம் பரவியது. இராஜதுரை அவளைச் சூனியக்காரி என்றார். ஆனால் அன்று கடையில் சிரித்தவர்கள் இப்போது அவளைக் கண்டால் வழிவிட்டு நின்றார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வருடம் இலை உதிரும் காலத்தில், பக்கத்துத் தெருப் பேர்ளி வாடிய மல்லிகைச் சட்டியோடு வந்தாள்.

"தண்ணியைக் குறையும். யன்னலடியிலை வையும், ஹீட்டருக்குக் கிட்ட வேண்டாம்," என்றாள் ஞானமலர். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

பேர்ளி சட்டியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னோடை உங்களுக்கு ஒரு கோவமும் இல்லைத்தானே?"